மொகு மொகு என்றொரு பிள்ளை

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தாளாளர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என்னை 'ஜப்பானில் வாழ்ந்தவர்' என்று உயர்த்திவிட்ட தமிழாசிரியை அவர்களே (நான் அங்கே இருந்தது 11 மாதம்தான்), சால்வை போர்த்திய வணிகர் சங்கப் பெருமக்களே, வணக்கம். கல்வி அலுவலர் ஐயா சீக்கிரம் கிளம்ப வேண்டுமாம். அவரிடம் கேட்க வேண்டியதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்தருள வேண்டும்.

நொறுங்கத் தின்றால் நூறு வயது. இதை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்கியதில்லை.

மூன்று செய்தி: ஜப்பானியரின் சாப்பாட்டுச் சொற்கள், அவை வியாபாரத்தில் படும் பாடு, நம்முடைய இரட்டைக்கிளவி.

ஒசாகாவில் நான் தங்கிய வீட்டுக்காரப் பாட்டி, தன் பேரனுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் 'மொகு மொகு, மொகு மொகு' என்பார். பிள்ளையின் பெயர் அதுதான் என்று நினைத்துவிட்டேன். மூன்று நாள் 'மொகு மொகு, இங்கே வாடா கண்ணு' என்று தமிழில் வேறு கூப்பிட்டேன். நான் கூப்பிடும்போதெல்லாம் அவன் வாயை மூடிக்கொண்டு தாடையை அசைப்பான். சேட்டைக்காரன் என்று எண்ணினேன். நான்காம் நாள் பிஸ்கட் பொட்டலம் வாங்கி, 'மொகு மொகுவுக்கு' என்று நீட்டினேன். பாட்டி சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிவிட்டார். பிறகு உதட்டை இறுக மூடி, இரண்டு கன்னமும் மாறி மாறி உப்ப மென்று காட்டினார். அதுதான் மொகு மொகு! பையன் பெயர் எனக்குக் கடைசிவரை வாயில் நுழையவில்லை, அது வேறு கதை.

இப்படிப்பட்ட சொற்களை ஜப்பானியர் இரண்டு வகையாகச் சொல்வார்கள்: ஓசையைச் சொன்னால் கியோங்கோ; ஓசையே இல்லாத தன்மையைச் சொன்னால் கிதைகோ. எண்ணெயில் அப்போதுதான் எடுத்த தெம்புரா, அதாவது அவர்கள் ஊர் பஜ்ஜி, கடித்தால் சகு சகு. கடற்பாசித் தாள் பரி பரி. புளித்த சோயா நத்தோ நெப நெப, நம் கொழகொழ. பசித்தால் வயிறு பெகோ பெகோ. கறியை வெந்நீரில் அலசித் தின்னும் ஷாபு ஷாபுவுக்கு, அந்த அலசலே பெயர்; 1952இல் ஒசாகா உணவகம் ஒன்று வைத்தது. வாயைத் திறந்து திறந்து லபக் லபக்கென்று விழுங்குவது பக்கு பக்கு. அதிலிருந்துதான் 1980இல் பாக்மேன் என்ற வீடியோ விளையாட்டு பெயர் பெற்றது. வியாபாரம் இதோடு போதும்.

நான் சொல்ல வந்தது வேறு. மெல்லுவதற்கு ஒரு சொல், விழுங்குவதற்கு ஒரு சொல் என்று பால்குடி மறந்த உடனே காதில் போடுகிறார்கள். பாட்டிகள் போதாதென்று 2009இல் அவர்களுடைய சுகாதார அமைச்சகமே ஒரு வாய்க்கு 30 முறை மெல்லுங்கள் என்று இயக்கம் தொடங்கியது. அமைச்சகம் சொன்னால் என்ன, என் பாட்டி சொன்னால் என்ன? நொறுங்கத் தின்றால் நூறு வயது!

இங்கே ஒரு பள்ளியில் கடிகாரத்தோடு நின்று பார்த்தேன். சாப்பாட்டு நேரம் 25 நிமிடம். கை கழுவும் வரிசைக்கே 10 போயிற்று. ஒரு சிறுமி தயிர்சாதத்தைத் தண்ணீர் ஊற்றி மடக் மடக்கென்று குடித்துவிட்டு ஓடினாள். எங்கே இருக்கிறது ஐயா மொகு மொகு? மதிய இடைவேளை முழுதாக ஒரு மணி நேரம் வேண்டும். இதைத்தான் 6 வருடமாகக் கேட்டு வருகிறேன்.

இரட்டைக்கிளவிக்கு நேரமில்லை என்று தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். கல்வி அலுவலர் ஐயாவின் நாற்காலியும் காலியாகிவிட்டது. பரவாயில்லை, கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பேனா உங்களுடையதாக இருக்கட்டும். போன கூட்டத்தில் என்னுடையது மூன்று காணாமல் போயிற்று.