பட்டப்பகல் வெளிச்சத்துல: புறநகரை வரைஞ்ச மூணு பேர்

[திரையில்: 'பேட் பாய்', முழு ஓவியம்]

அமெரிக்க ஓவியர் எரிக் ஃபிஷல் 1981-ல வரைஞ்சது இது. பகல் நேரம். ஜன்னல் தட்டி வழியா வெயில் வரி வரியா உள்ளே விழுது. கட்டில்ல ஒரு பெண் படுத்திருக்காங்க. எதிர்ல ஒரு பையன். அந்த நேரத்துல அந்த அறையில அவன் இருக்கவே கூடாது.

[திரையில்: பையனோட கை மட்டும்]

இப்ப அவன் கையைப் பாருங்க. கண்ணு அவங்க மேல இருக்கு. கை மட்டும் பின்னால போய், கைப்பைக்குள்ள நைசா நுழையுது. அது அவங்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஏன்னா ஃபிஷல் நம்மளை நிக்க வச்சிருக்கிறது பையனுக்குப் பின்னால, அந்தக் கைக்கு நேரா. பார்த்தும் வாயைத் திறக்காத ஆளா நம்மளை மாத்திடுறார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இந்த இடத்துல சங்கடமாத்தான் இருக்கு.

இருண்ட பக்கம்னா நடுராத்திரி, பாழடைஞ்ச வீடுன்னுதான் நமக்குத் தோணும். புறநகரை வரைஞ்சவங்க அதை வெயில்ல வச்சுக் காட்டுறாங்க.

ஃபிஷல் 1948-ல பிறந்தவர். நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்ட்ல, போர்ட் வாஷிங்டன்ல வளர்ந்தார். வெளியில இருந்து பார்த்தா வசதியான குடும்பம். உள்ளே அம்மாவுக்குக் குடிப்பழக்கம். 1970-ல அவங்க தற்கொலை செஞ்சுக்கிட்டாங்க. ஓவியத்தையே வாழ்க்கை வரலாறா படிக்க வேண்டாம். ஆனா வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாதுங்கிற அந்த மௌனம் எங்கிருந்து வந்ததுன்னு புரியும்.

[திரையில்: லெவிட்டவுன், வானத்துல இருந்து எடுத்த கறுப்பு வெள்ளை படம்]

அதே லாங் ஐலண்ட்லதான் 1947-ல லெவிட்டவுன்ங்கிற புறநகர்க் குடியிருப்பைக் கட்ட ஆரம்பிச்சாங்க. நாலே வருஷத்துல 17,000-க்கும் மேல வீடுகள், கிட்டத்தட்ட எல்லாம் ஒரே அச்சு. ஆரம்பகால ஒப்பந்தத்துலயே வெள்ளையர் அல்லாதவங்க குடியிருக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தது. வீட்டு வேலைக்காரங்களுக்கு மட்டும் விலக்கு! அதே நிறுவனம் பென்சில்வேனியாவுல கட்டின லெவிட்டவுன்ல, 1957-ல மையர்ஸ்ங்கிற கறுப்பினக் குடும்பம் குடியேறினப்ப கூட்டம் திரண்டு வந்து கல்லெறிஞ்சது.

ஃபிஷலோட ஓவியங்கள்ல இந்தக் கதை கண்ணுக்குத் தெரியாது. அவர் வரைஞ்சது உள்ளே இருந்தவங்களோட இருட்டை. உள்ளேயே விடப்படாதவங்களைப் பத்தி யோசிக்கணும்னா அமெரிக்கக் கறுப்பின ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல்கிட்ட போகணும். 1995-ல அவர் வரைஞ்ச 'அவர் டவுன்' (Our Town, அதாவது 'நம்ம ஊர்') பார்வைக்குப் பள்ளிப் பாடப்புத்தகப் படம் மாதிரிதான்: புல்வெளி, அழகான வீடுகள், விளையாடுற பிள்ளைங்க. அந்தப் பிள்ளைங்க கறுப்பினத்தவங்க. தோலை ஆழ்ந்த கறுப்பாவே தீட்டியிருக்கார், கொஞ்சம்கூட நீர்க்க விடல. இந்தக் காட்சியை எத்தனை பேர் கண்ணுல இருந்து ஒளிச்சு வச்சாங்கங்கிற கோபம் அந்த அழகுக்குள்ளயே இருக்கு. என்னைக் கேட்டா, 'பேட் பாய்'-ஐ விட இதுதான் பெரிய அடி.

[திரையில்: மழை ஈரமான தெரு, மூடின கராஜ் கதவுகள்]

கடைசியா, இங்கிலாந்தோட ஜார்ஜ் ஷா. கோவென்ட்ரி ஓரத்துல டைல் ஹில்ங்கிற அரசுக் குடியிருப்புல வளர்ந்தவர், 1990-கள்ல இருந்து அதையே வரைஞ்சுக்கிட்டிருக்கார். படத்துல மனுஷங்களே இல்ல. கராஜ் கதவு, வேலி, மூடின பப், ஈரச் சாலை, அவ்வளவுதான். 2011-ல டர்னர் பரிசுங்கிற பிரிட்டிஷ் கலை விருதோட இறுதிப் பட்டியலுக்கு வந்தார்.

அவர் பயன்படுத்துறது ஹம்ப்ரால் எனாமல். பொம்மை விமானத்துக்கும் டாங்கிக்கும் பசங்க பூசுற, சின்ன டப்பாவுல வர்ற பெயின்ட். அந்தக் குடியிருப்புல வளர்ந்த பசங்க கையில இருந்திருக்கக்கூடிய அதே சாமான். அது காய்ஞ்சா பளபளன்னு இறுகிடும், அதனால சேறும் சகதியும்கூட மெருகு போட்ட மாதிரி மின்னுது. நேர்ல பார்க்க வாய்ச்சா கொஞ்சம் பக்கவாட்டுல நகர்ந்து நின்னு பாருங்க. மினுமினுப்பு இடம் மாறும்போதுதான் அந்தப் பரப்பு எவ்வளவு கெட்டியா மூடியிருக்குன்னு தெரியும்.