எண் வேறு, ஆள் வேறு

(கிளிநொச்சி அறிவியல் நகரில் மென்பொருள் பயிலும் மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான பிள்ளைகளே, ஆசிரியர்களே, வணக்கம்.

மல்லாவியில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரே கைபேசி. காலையில் அப்பா அதை எடுத்து, கமக்காரர் அமைப்பின் குழுவில் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று கேட்கிறார். பின்னேரம் அம்மம்மா அதிலேயே ரொறன்ரோவில் இருக்கும் மாமாவோடு கதைக்கிறார். இரவில் தங்கச்சி ரியூசன் குழுவுக்குக் கணக்குப் பயிற்சியைப் படம்பிடித்து அனுப்புகிறாள். இவர்களில் யார் எழுதியது என்று உங்கள் நிரலிடம் கேட்டால் அது என்ன சொல்லும்? ஒரு தொலைபேசி எண்ணைச் சொல்லும். அந்த எண் மூன்று பேர்.

மறுபக்கமும் உண்டு. சிக்னல் கிடைக்கும் இடத்தைப் பொறுத்து இரண்டு சிம் வைத்திருப்பவர் நம்மிடையே நிறையப் பேர். அங்கே இரண்டு எண், ஓர் ஆள். கைவிட்ட எண்ணை நிறுவனம் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். ஆகவே தொலைபேசி எண்ணை ஆளின் அடையாளமாக எடுத்து அட்டவணை கட்டுவது ஆபத்து. அரட்டைக்கான நிரல் நூலகம், அதாவது பல செயலிகள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு, எழுதுகிறவர் மூன்றைத் தனித்தனியே வைக்க வேண்டும்: ஆள், அவருடைய கணக்கு, ஓர் உரையாடலில் அந்தக் கணக்கின் உறுப்புரிமை.

மூன்றாவதுதான் பெரும்பாலும் விடுபடுகிறது. ஒருவர் குழு நிர்வாகியா என்பதை எங்கே எழுதுவீர்கள்? ஆளோடு எழுதினால் அவர் எல்லாக் குழுவிலும் நிர்வாகியாகிவிடுவார். உரையாடலோடு எழுதினால் யார் என்பது தெரியாது. அந்தக் குழுவில் மட்டும் அவர் வைத்திருக்கும் பட்டப்பெயர், எப்போது சேர்ந்தார், எதுவரை வாசித்தார், இப்போது தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாரா, இவை யாவும் அப்படித்தான். ஆளுக்கும் சொந்தமில்லை, உரையாடலுக்கும் சொந்தமில்லை. இரண்டும் சேருமிடத்துக்குச் சொந்தம். பிட்ஜின் என்ற பழைய அரட்டை மென்பொருளின் அடியில் இருக்கும் லிப்பர்ப்பிள் நூலகத்தைப் பாருங்கள். அதன் 2 ஆம் பதிப்பில் இருவர் உரையாடல் ஒரு வகை, பலர் கூடும் அறை உரையாடல் வேறொரு வகை. 3 ஆம் பதிப்புக்கான வேலையில், தொடர்பு, ஆள், உரையாடல் உறுப்பினர் என்று தனித்தனிப் பொருள்களாகப் பிரித்தார்கள். பல ஆண்டு அனுபவம் அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. நீங்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

1988 இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் ஐஆர்சி என்ற இணைய அரட்டை முறை பிறந்தபோது புனைபெயரே அடையாளமாக இருந்தது. 1993 இல் எழுதப்பட்ட அதன் விதி ஒன்பது எழுத்துகளுக்கு மேல் அனுமதிக்கவில்லை. அதன்பின் வந்த எக்ஸ்எம்பிபி என்ற அரட்டை நெறிமுறையின் அறைகளிலும் பேசுபவரின் முகவரி, அறையின் முகவரியோடு புனைபெயரை ஒட்டியதுதான். ஒருவர் வெளியேறி இன்னொருவர் அதே பெயரில் நுழைந்தால், முன்னவர் சொன்னது பின்னவர் தலையில் விழும். அதைத் தீர்க்கத்தான், புனைபெயர் மாறினாலும் மாறாத அடையாளத்தை ஒவ்வொருவருக்கும் அறை வழங்கும் நீட்சி பின்னர் வந்தது.

உரையாடலுக்கும் இதே கதைதான். டெலிகிராமில் சாதாரணக் குழு பெருங்குழுவாக மாறினால் அதன் அடையாள எண்ணே மாறிவிடும். புதிய எண்ணைச் சொல்லும் செய்தி ஒன்று வரும். அதைக் கவனிக்காத நிரலுக்குக் குழு தொலைந்துபோகும். அந்த எண்களை 32 பிட்டுக்குள் அடைக்கவும் முயலாதீர்கள், கொள்ளாது. மேட்ரிக்ஸ் என்ற திறந்த அரட்டை நெறிமுறையின் வழி எனக்குப் பிடித்தது: இருவர் பேசுவதும் ஓர் அறையே. மூன்றாமவர் சேரும்போது எதையும் இடித்துக் கட்ட வேண்டியதில்லை.

வெளியேறியவரை என்ன செய்வது? இந்த மண்ணில் நின்று இதை அழுத்திச் சொல்கிறேன்: அட்டவணையில் அவருடைய உறுப்புரிமை வரிசையை அழிக்காதீர்கள். மேட்ரிக்ஸில் அழைக்கப்பட்டார், சேர்ந்தார், விலகினார், தடுக்கப்பட்டார் என்று நிலைதான் மாறுகிறது. ஒருவர் திரும்பி வரலாம். வராமலும் போகலாம். அவர் எழுதிய வரிகளுக்கு மேல் 'அறியப்படாத பயனர்' என்று காட்டும் உரிமையை நமக்கு யார் தந்தது? தன் தடத்தை அழிக்கச் சொல்லி அவரே கேட்டால் அது வேறு. கேட்காமல் நாம் அழிக்கக் கூடாது.

இனிப் பெயர். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டி வைக்கிறார்கள். நம் பிள்ளை கந்தையா குமுதினி என்று எழுதினால் 'வணக்கம் கந்தையா' என்று அவளுடைய அப்பாவை அழைக்கும் அந்தச் செயலி. ஒரே பெட்டி போதும். எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை அவளிடமே கேளுங்கள். படம் இல்லாதவருக்கு வட்டத்துக்குள் பெயரின் முதலெழுத்தைப் போடுவார்களே, அங்கும் பிழை இருக்கிறது. எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடில் 'கு' என்பது ககரமும் உகரக்குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். முதற்குறியை மட்டும் வெட்டினால் குமுதினி, கோபிநாத், கீதா எல்லோரும் 'க' ஆகிவிடுவார்கள். பயனர் காணும் முழு எழுத்தை எடுக்க யூனிகோட் விதி வகுத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் அதற்கான கருவி உள்ளேயே இருக்கிறது. ஸ்விஃப்ட் நிரல்மொழியில் எழுத்து என்றாலே முழு எழுத்துத்தான். லிப்பர்ப்பிள் உட்படப் பல அரட்டை நூலகங்களின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. உறுப்பினர் பெயரை அவை எந்த வரியில் வெட்டுகின்றன என்று தேடிப் பிடியுங்கள். பிழை கண்டால் திருத்தத்தை எழுதி அனுப்புங்கள். உங்கள் கேள்விகளை இப்போது கேட்கலாம்.