பட்டாளத்தார் வீட்டுப் பெட்டி

வணக்கம் நேயர்களே. டிசம்பர் 7 வந்தால் படைவீரர்களுக்கான கொடிநாள் உண்டியல் வரும், பத்தோ இருபதோ போட்டுவிட்டு அந்தச் சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வோம். 1949இலிருந்து இருக்கிற வழக்கம், நல்லதுதான். நான் பேச வந்தது பட்டாளத்துக்குப் போனவர் கொண்டுவந்து, உங்கள் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கிற ட்ரங்குப் பெட்டியைப் பற்றி.

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், அத்தனை பேர் பட்டாளத்துக்குப் போன ஊர். முதல் உலகப் போர் முடிந்ததும், படைக்கு ஆள் அனுப்பிய பல ஊர்களில் வெள்ளைக்காரர்கள் கல் பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள், அவ்வளவுதான் அதில் இருக்கும். பெயர் கிடையாது. சந்தையில் மாடு எண்ணுகிற மாதிரி.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். இறந்தவர்களுக்காவது பெயர் பொறித்தார்கள்; நாகாலாந்தின் கொஹிமாவில் எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தனி நினைவுச் சின்னமே இருக்கிறது. உயிரோடு திரும்பியவர்களை யார் எழுதி வைத்தார்கள்? போர் முடிந்ததும் லட்சக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், சர்வீஸ் போதாது என்று பலருக்குப் பென்ஷனும் இல்லை, வந்தவர்கள் பேசாமல் ஏர் பிடித்தார்கள்.

என் தாத்தா பர்மாவில் லாரி ஓட்டியவர். சண்டைக் கதை கேட்டால் எழுந்து போய்விடுவார். அட்டைக்கடி, விடாத மழை, ரொட்டி தின்று தின்று நாக்கு செத்துப்போனது, இதையெல்லாம் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். பட்டாளத்தில் இந்துஸ்தானி மொழியை ஆங்கில எழுத்தில்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் கடைசிவரை பால் கணக்கைக்கூட அப்படித்தான் எழுதினார், பாட்டிக்கு அதில் ஒரு வரிகூடப் புரியாது. பட்டாளத்திலிருந்து அனுப்பும்போது கொடுத்த அவருடைய டிஸ்சார்ஜ் காகிதத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில் இடது முழங்கால் தழும்பு என்று இருந்தது. போரில் பட்ட காயம் என்று நாங்கள் பெருமைப்பட, பாட்டி சிரித்தார். பனைமரத்திலிருந்து விழுந்ததாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1965, 1971 போர்களுக்குப் போனவர்கள் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள், ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு நின்றவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். போய் உட்காருங்கள், போனில் பதிவு செய்யுங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், பக்கத்துக் கட்டிலில் யார் படுத்திருந்தார் என்று கேளுங்கள், மற்றது தானாக வரும்.

அப்புறம் அந்தப் பெட்டி. படை எண்ணையும் ரெஜிமெண்டையும் முதலில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பதிவுகளைக் கேட்டு எழுத வேண்டிய இடம், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படை என்றால் பெங்களூர். எண் இல்லாமல் எங்கே எழுதிக் கேட்டாலும் தேடுவது கஷ்டம். இரண்டாம் உலகப் போர் வீரரின் மனைவி யாராவது உங்கள் ஊரில் இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவருடைய டிஸ்சார்ஜ் காகிதத்தோடு கூட்டிக்கொண்டு போங்கள். பென்ஷன் இல்லாதவர்களுக்கு மாத உதவித்தொகை என்று ஒன்று உண்டு.