குரங்குக்கு வந்தது நமக்கும் வருமா?

அனைவருக்கும் வணக்கம். சாயங்கால டிராஃபிக்கைத் தாண்டி, வைரஸ் மருந்துகள் எலியின் சிறுநீரகத்தை என்ன செய்கின்றன என்று கேட்க கோட்டூர்புரத்துக்கு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். சென்னைக்காரர்களைக் குறைத்து எடை போடக் கூடாது.

2021 கோடை நினைவிருக்கும். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் கொரோனா மருந்தான ரெம்டெசிவிருக்காக எவ்வளவு பெரிய வரிசை! அந்த மருந்தின் விவரக்குறிப்பில் ஒரு பகுதி இப்படிப் போகிறது: ரீசஸ் குரங்குகளுக்கு தினமும் கிலோவுக்கு 5, 10, 20 மில்லிகிராம் வீதம் 7 நாள் நரம்பில் ஏற்றினார்கள். மூன்று அளவிலுமே, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியாவும் கிரியாட்டினினும் ரத்தத்தில் ஏறின. சிறுநீரக நுண்குழல்கள் நலிந்தன.

நமக்குப் போட்டது முதல் நாள் 200, அப்புறம் தினம் 100 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு 100 என்றால் கிலோவுக்கு 2 கூட வரவில்லை. ‘அப்போ பயமே இல்லை’ என்று எழுந்துவிடாதீர்கள். சின்ன உடம்பு பொதுவாக மருந்தைச் சீக்கிரம் வெளியே தள்ளிவிடும். எடைக்கு எடை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ரத்தத்தில் எவ்வளவு மருந்து நின்றது என்றுதான் பார்க்க வேண்டும். மனிதர்களில் அது தெளிவாகும் வரை, ஆரம்பத்தில் சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இதைத் தவிர்க்கச் சொன்னார்கள். மனிதர்களிடம் பார்த்த பிறகு, 2023 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்தத் தடையை எடுத்துவிட்டது. குரங்கு பொய் சொல்லவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டியது, அவ்வளவுதான்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. சிடோஃபோவிர், அடெஃபோவிர், டெனோஃபோவிர் மூன்றும் ஒரே குடும்பத்து வைரஸ் மருந்துகள். நுண்குழலின் செல்லில் ஓஏடி1 என்ற புரதம் ரத்தத்திலிருந்து இவற்றை உள்ளே இழுக்கும் கதவு. எம்ஆர்பி4 வெளியே விடும் கதவு. வரவு அதிகமாகி வெளியேற்றம் மந்தமானால் மருந்து உள்ளே குவிந்து, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கும். இதைச் சோதிக்க, மரபணுவை நீக்கி ஒரு கதவில்லாத சுண்டெலிகளை உருவாக்கி டெனோஃபோவிர் கொடுத்தார்கள். உள்கதவு இல்லாதவற்றில் மைட்டோகாண்ட்ரியா தப்பியது. வெளிக்கதவு இல்லாதவற்றில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ குறைந்தது. உள்கதவை அடைக்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு பழைய கீல்வாத மருந்து உண்டு, புரோபெனெசிட். சிடோஃபோவிர் கொடுத்த விலங்குகளில் அது சிறுநீரகத்தைக் காத்தது. இன்று மனிதர்களுக்கும் இரண்டையும் சேர்த்தே, கூடவே சலைன் ஏற்றித்தான் கொடுக்கிறார்கள்.

அளவும் முக்கியம். எச்ஐவிக்கு அடெஃபோவிரை 60, 120 மில்லிகிராம் அளவுகளில் சோதித்து அனுமதி கேட்டபோது, 1999-இல் அமெரிக்க நிபுணர் குழு சிறுநீரகத்தைக் காட்டி மறுத்தது. அதே மருந்து 10 மில்லிகிராமாக, 2002-இல் ஹெபடைட்டிஸ் பி-க்கு அனுமதி பெற்றது.

தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் எச்ஐவி மாத்திரை வாங்குகிறவர்கள் யாராவது இங்கே இருக்கலாம். தினம் ஒரு மாத்திரையில் டெனோஃபோவிர் இருக்கும். நான் பேசியதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அதை நிறுத்திவிடாதீர்கள்! எச்ஐவியைக் கவனிக்காமல் விட்டால் அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிரியாட்டினின் பார்க்கச் சொன்னால் தள்ளிப்போடாமல் பாருங்கள், போதும்.

கடைசியாகத் திரையில் ஒரு சொட்டு சிறுநீர். முனைவாக்கிய (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியில் ஊசி ஊசியாக மின்னுகிறதே, அது அசைக்ளோவிர் படிகம். அக்கிக்குக் கொடுக்கிற மருந்துதான். (காவியால் அக்கி எழுதுகிறவர்கள் எழுதட்டும், மாத்திரையையும் சேர்த்துப் போடுங்கள்.) இங்கே கதவுப் பிரச்சினையே இல்லை. மருந்து தண்ணீரில் அதிகம் கரையாது. எலிக்கும் நாய்க்கும் அதிக அளவை ஒரே மூச்சில் நரம்பில் ஏற்றியபோது படிகம் கட்டி நுண்குழலை அடைத்தது. மூளைக்காய்ச்சலுக்கு ஐசியுவில் இதே மருந்தை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாக இறக்கி, உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது அதனால்தான். அக்னி நட்சத்திரத்தில் நாக்கு வறண்டு வருகிற நோயாளி என்றால் நர்ஸுக்கு இன்னும் வேலை அதிகம்.

சரி, கேள்விகளுக்கு வருவோம்.