அரிசிப் பையில் 'சார்டெக்ஸ்' என்று போட்டிருக்கிறதே, அது என்ன? விநாடிக்கு 74,000 அரிசியைப் பார்க்கும் மெஷின்

[திரையில்: 26 கிலோ அரிசிப் பை. கேமரா மெதுவாக நெருங்குகிறது.]

இந்தப் பையைப் பாருங்கள். பொன்னி புழுங்கல், 26 கிலோ. ரகத்தின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு சொல் இருக்கிறது: சார்டெக்ஸ். இது நெல் ரகமா? ஊர்ப் பெயரா? அரிசிக்கு ஏதாவது மருந்து போடுகிறார்களா? என் வீட்டிலேயே மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். மூன்றும் தப்பு. சார்டெக்ஸ் என்பது ஒரு மெஷினின் பெயர். இந்தப் பைக்குள் இருக்கும் அரிசியை ஒவ்வொன்றாக, ஆமாம், ஒவ்வொன்றாக, ஒரு கேமரா பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பியிருக்கிறது.

ஒரு பையில் எத்தனை அரிசி இருக்கும்? நான் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஆயிரம் அரிசி எண்ணி, சமையலறைத் தராசில் போட்டேன். 15 கிராம். அப்படியானால் ஒரு கிலோவில் 66,000க்கு மேல். இந்த ஒரு பையில் 17 லட்சத்துக்கு மேல்! (25 கிலோ வரையிலான பைக்கு ஜிஎஸ்டி வந்த பிறகுதான் பல மில்கள் 26 கிலோவுக்கு மாறின. அதைத் தனி வீடியோவாகப் பேசலாம்.)

[திரையில்: மில் கட்டடம், உமிக் குவியல், எலிவேட்டர்கள்.]

இரும்பு மெஷினோடு எலக்ட்ரானிக்ஸையும் சாஃப்ட்வேரையும் சேர்த்து ஒன்றாக ஓட வைக்கும் துறைக்கு மெக்கட்ரானிக்ஸ் என்று பெயர். அந்தச் சொல்லைத் தேடினால் கூகுள் நமக்குக் காட்டுவது கார் தொழிற்சாலையில் வெல்டிங் செய்யும் ரோபோ கை. அது அழகுதான். ஆனால் எனக்கு மெக்கட்ரானிக்ஸ் புரிந்த இடம் காங்கேயம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில். அதனால் இன்றைக்கு ரோபோ கிடையாது, அரிசிதான்.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெக்கட்ரானிக்ஸ் என்ற சொல்லை 1969இல் உருவாக்கியவர் ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்துப் பொறியாளர் டெட்சுரோ மோரி. மெக்கானிசத்தில் பாதி, எலக்ட்ரானிக்ஸில் பாதி. சார்டெக்ஸ் 1947இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம், இன்று சுவிட்சர்லாந்தின் பூலர் குழுமத்தில் இருக்கிறது. ஜெராக்ஸ் மாதிரி இந்தப் பெயரும் எல்லா கம்பெனி மெஷினுக்கும் பொதுப்பெயராக ஆகிவிட்டது. மில்லில் வேலை செய்கிறவர்கள் கலர் சார்ட்டர் என்றும் சொல்வார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

[திரையில்: முறம். வயதான கைகள்.]

இப்போது என் அம்மாயியின் முறத்துக்கு வாருங்கள். அரிசி சுத்தம் செய்வதற்கு நம்மிடம் ஒரே சொல் இல்லை. முறத்தைத் தூக்கித் தட்டினால் உமியும் தூசியும் பறக்கும், அது புடைப்பது. பக்கவாட்டில் அசைத்து அசைத்து நொய்யையும் கல்லையும் ஒரு ஓரமாக ஒதுக்கினால், அது கொழிப்பது. கடைசியாக, முறத்தில் பரப்பிவிட்டு விரலால் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவது இருக்கிறதே, அது பொறுக்குவது.

புடைப்பதிலும் கொழிப்பதிலும் கனம், அளவு இந்த இரண்டை வைத்து மொத்தக் கூட்டத்தையும் ஒன்றாகப் பிரிக்கிறோம். இதற்கு மெஷின் வந்து ரொம்ப காலம் ஆயிற்று. காற்று ஊதி உமியைப் பிரிப்பது, சல்லடை ஆடி நொய்யைப் பிரிப்பது, அதிர்வும் காற்றும் சேர்ந்து கல்லை ஒதுக்குவது, இதெல்லாம் மோட்டாரும் பெல்ட்டும் இருந்தால் நடந்துவிடும்.

பொறுக்குவது அப்படி இல்லை. கருப்பு விழுந்த அரிசிக்கும் நல்ல அரிசிக்கும் கனம் ஒன்றுதான், நீளமும் ஒன்றுதான். எந்தச் சல்லடையும் அதைப் பிரிக்காது. ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும், 'இது வேண்டாம்' என்று முடிவு செய்ய வேண்டும், அதை மட்டும் எடுக்க வேண்டும். கண், மூளை, கை மூன்றும் வேண்டும். வெறும் இரும்பு மெஷின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த வாசலோடு நின்றுவிடும். மெக்கட்ரானிக்ஸ் தொழிலில் கொண்டுவந்த மாற்றம் என்ன என்று என்னைக் கேட்டால், மெஷின் பொறுக்கக் கற்றுக்கொண்டது என்று சொல்வேன்.

[திரையில்: மெஷினின் பக்கவாட்டு வரைபடம்.]

சரி, உள்ளே என்ன நடக்கிறது? மேலே ஒரு தொட்டி. அதற்குக் கீழே வைப்ரேட்டர், அரிசியை ஒரே சீராக உதிர்க்கிறது. உதிர்ந்த அரிசி சரிவான ஒரு தகட்டில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, இதற்கு மில்லில் சூட் என்று பெயர். சூட்டின் முனையைத் தாண்டியதும் அரிசி அந்தரத்தில் விழுகிறது. அந்த இடத்தில்தான் முன்னால் கேமரா, பின்னாலும் கேமரா. ஏன் இரண்டு? கருப்புப் புள்ளி ஒரு பக்கம் மட்டும் இருந்தால்? தகட்டின் மேல் இருக்கும்போது ஒரு பக்கம்தான் தெரியும், அந்தரத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் தெரியும். நம் விரல் அரிசியைப் புரட்டிப் பார்க்கிறதே, அதே வேலை.

கேமராவுக்குச் சில சென்டிமீட்டர் கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. நான் பார்த்த மெஷினில் 5 சூட், சூட்டுக்கு 64 வால்வு, மொத்தம் 320. கெட்ட அரிசி துளைக்கு நேராக வரும் கணத்தில் அந்த வால்வு மட்டும் திறந்து 'டிக்' என்று ஒரு ஊது. அந்த அரிசி பாதை மாறி வேறு தொட்டியில் விழுகிறது. பக்கத்தில் நின்று கேட்டால் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். ஒவ்வொரு தூறலும் ஒரு முடிவு!

அந்த மெஷின் ஒரு மணி நேரத்தில் 4 டன் பார்க்கிறது. என் தராசுக் கணக்கை வைத்துப் பெருக்கினேன்: விநாடிக்குச் சுமார் 74,000 அரிசி.

நேரக் கணக்கு இன்னும் அழகு. அரிசி அந்த இடத்தில் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அது 3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அரிசியின் நீளமே 5, 6 மில்லிமீட்டர்தான். வால்வு ஆயிரத்தில் இரண்டு பங்கு தாமதமானால், கருப்பு அரிசி தப்பித்துவிடும், அதற்குப் பின்னால் வந்த நல்ல அரிசி அடி வாங்கும். நாம் ஒரு தடவை கண் இமைப்பதற்குள் அது 30 சென்டிமீட்டர் விழுந்திருக்கும். இதனால்தான் இதை மெக்கானிக்கல் வேலை, எலக்ட்ரிக்கல் வேலை, சாஃப்ட்வேர் வேலை என்று தனித்தனி ஆட்களிடம் பிரித்துக் கொடுக்க முடியாது. சூட்டின் சாய்வு மாறினால் வேகம் மாறும், வேகம் மாறினால் வால்வு திறக்கும் நேரம் மாறும். எல்லாம் ஒரே உடம்பு.

[திரையில்: வெள்ளைத் தட்டு, எவர்சில்வர் தட்டு. இரண்டிலும் ஒரு பிடி அரிசி.]

இப்போது எனக்கு இந்த மெஷினில் ரொம்பப் பிடித்த விஷயம். இதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. கெட்ட அரிசியைக் கண்டுபிடிக்க கேமரா எப்படிப் பார்க்க வேண்டும்? 'நல்ல அரிசி எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்' என்றுதான் நான் நினைத்தேன். இந்த வகை மெஷினில் காலங்காலமாக இருக்கும் உத்தி அதற்கு நேர்மாறு. அரிசிக்குப் பின்னால் தெரியும் பலகையின் வெளிச்சத்தை, நல்ல அரிசியின் வெளிச்ச அளவுக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நல்ல அரிசி அந்தப் பின்னணியில் கரைந்துபோகும். கேமராவுக்கு அது தெரியவே தெரியாது. 74,000 அரிசி விழுந்தாலும் அதன் கண்ணில் வெறும் வெளிச்சம்தான். நடுவில் ஒரு கருப்பு அரிசி வந்தால் மட்டும் 'அட, ஏதோ வந்திருக்கிறது!'

நம்ப முடியவில்லையா? வீட்டில் செய்து பாருங்கள். ஒரு பிடி அரிசியில் நாலு கடுகைக் கலந்து, வெள்ளைத் தட்டில் ஒரு பாதி, எவர்சில்வர் தட்டில் ஒரு பாதி பரப்புங்கள். எதில் கண் உடனே போய் நிற்கிறது? எவர்சில்வரில் அரிசி, நிழல், பளபளப்பு எல்லாம் சேர்ந்து குழப்பும். வெள்ளைத் தட்டில் அரிசி காணாமல் போய், கடுகு மட்டும் நிற்கும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா ஓட்டும்போது செட்டிங்கை மாற்ற வேண்டும். அங்கே சிவப்புதான் நல்லது, வெள்ளை அரிசி வந்தால் வெளியே தள்ளும். எது நல்ல அரிசி என்று மெஷினுக்கு எந்தக் கருத்தும் கிடையாது, நாம் சொல்வதுதான். அதனால் 'சார்டெக்ஸ்' என்று பையில் இருந்தால் நிறம் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பலாம். சத்தும் ருசியும் அதில் தெரியாது. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

அப்புறம், நிறமே ஒன்றாக இருக்கும் கண்ணாடித் துண்டு, பிளாஸ்டிக்? அதற்கு நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் கேமராவும் வைக்கிறார்கள்.

[திரையில்: ஆபரேட்டரின் உள்ளங்கை, நீல நிறத் தட்டு.]

மெஷின் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பம் எங்கே வருகிறது? ஓட ஓடக் கேமராவுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் தவிட்டுத் தூசி படியும், விளக்கு சூடாகி வெளிச்சம் மாறும். மெஷின் அவ்வப்போது தானே கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்தை அளந்து, சரிசெய்துகொள்கிறது. செய்ததைத் திரும்ப அளந்து அடுத்ததைத் திருத்துவது, ஃபீட்பேக் என்றால் இவ்வளவுதான்.

ஆனால் வால்வு ஊதிய பிறகு, சரியான அரிசிதான் போனதா என்று மெஷின் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஃபீட்பேக் ஒரு மனிதர். நான் போன மில்லில் ஆபரேட்டர் அண்ணன் அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு தொட்டியிலிருந்தும் ஒரு கை அள்ளி, நீலத் தட்டில் பரப்பி, விரலால் தள்ளித் தள்ளி எண்ணுகிறார். நல்லதில் கருப்பு அதிகமா? சென்சிட்டிவிட்டியை, அதாவது மெஷின் எவ்வளவு கண்டிப்பாகக் கழிக்கிறது என்பதை, ஒரு புள்ளி ஏற்றுகிறார். கழிவில் நல்ல அரிசி அதிகமா? ஒரு புள்ளி இறக்குகிறார்.

"ஏத்தினா முதலாளிக்கு நஷ்டம், இறக்கினா வாங்கறவங்களுக்கு நஷ்டம். நடுவுல நிக்கறது நம்ம கைதான் தம்பி" என்றார்.

நல்ல அரிசி ஏன் கழிவுக்குப் போகிறது? காற்றால் ஒரே ஒரு அரிசியை மட்டும் குறி வைக்க முடியாது, பக்கத்தில் விழுகிற இரண்டு மூன்றும் சேர்ந்து போகும். அதனால் கழிவை அப்படியே கொட்டுவதில்லை, இன்னொரு சூட்டில் மறுபடி ஓட்டுகிறார்கள். முதல் சுற்றுக் கழிவில் ஒரு கை கேட்டு வாங்கி வந்து அம்மாயி முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முறத்தில் பரப்பி, முக்கால் மணி நேரம் பொறுக்கினார். "பாதிக்கு மேல நல்ல அரிசிடா இது, எவன்டா கழிச்சது?" என்று கேட்டார்.

வால்வுக்கு வரும் காற்றில் ஈரம் இருந்தால் வால்வு ஒட்டிக்கொள்ளும், அதனால் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸரோடு, ஈரத்தை எடுக்கும் டிரையரும் அவசியம். கோவைப் பக்கத்து நூல் மில்களில் பஞ்சுக்குள் சிக்கிய சாக்கு நாரை இதே போல் கேமராவும் காற்றும்தான் வெளியே தள்ளுகின்றன. ரேஷன் அரிசியில் கருப்பு வருகிறது என்ற புகாருக்குப் பிறகு, அரசுக்கு நெல் அரைத்துக் கொடுக்கும் மில்களுக்கும் கலர் சார்ட்டர் வேண்டும் என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். காசு கொடுத்துப் பை வாங்க முடியாத வீட்டிலும் கருப்பில்லாத சோறு.

ஆனால் ஒன்று மனதில் உறுத்துகிறது. சாக்கை விரித்து வரிசையாக உட்கார்ந்து பயறும் கடலையும் மிளகாயும் பொறுக்கிய பெண்கள் எத்தனை பேர்! அந்தக் கண்ணும் கையும்தான் இந்த மெஷினுக்கு முன்மாதிரி. உங்கள் அம்மாவோ பாட்டியோ அப்படி ஒரு வேலைக்குப் போயிருந்தால், நாள் முழுக்கப் பொறுக்கினால் எவ்வளவு தேறும், என்ன கூலி கிடைத்தது என்று கேட்டு கமென்டில் எழுதுங்கள். மில்லில் கலர் சார்ட்டர் ஓட்டுகிற அண்ணன்மார் யாராவது பார்த்தால், நான் எங்கே தப்பாகச் சொன்னேன் என்பதையும் எழுதுங்கள். அடுத்த வீடியோ நூல் மில்லுக்குள் எடுக்கப் போகிறேன், உங்கள் பதில்களோடு போகிறேன்.

[திரையில்: முறத்தில் இரண்டு குவியல். அம்மாயியின் விரல் ஒரு அரிசியை எடுத்து நல்ல பக்கம் போடுகிறது.]