சிகரெட் பாக்கெட்டுக்குள் இருந்த நடிகை

எல்லாருக்கும் வணக்கம், நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். 1880களில் அமெரிக்காவில் சிகரெட் பாக்கெட் என்பது வெறும் தாள்தான். சட்டைப்பையில் வைத்தால் நசுங்கும், உள்ளே சிகரெட் உடையும். அதற்காக ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள், சும்மா கிடக்கிற அட்டைதானே என்று அதில் படமும் போட்டார்கள். அதில் நாடக நடிகைகளுக்குத்தான் பெரிய இடம்.

ஏன் நடிகைகள்? அதற்கு ஒரு இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கை தேர்ந்த தொழிலாளி நாள் முழுக்கச் சுருட்டினாலும் சுமார் 3,000 சிகரெட்தான். வர்ஜீனியாவின் ஜேம்ஸ் பொன்சாக் 1881இல் காப்புரிமை வாங்கிய இயந்திரமோ ஒரே நாளில் லட்சத்தைத் தாண்டியது. டர்ஹாம் நகரில் சிகரெட் கம்பெனி நடத்திய ஜேம்ஸ் டியூக் அதை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். சரி, குவிகிற சிகரெட்டை யார் தலையில் கட்டுவது? பக்கத்துக் கம்பெனியும் அதே புகையிலையைத்தான் விற்கிறது. அப்போதுதான் லில்லியன் ரஸ்ஸல், லில்லி லாங்ட்ரி போன்ற நாடக நடிகைகளின் முகம் கைகொடுத்தது, நியூயார்க் மேடையைக் கண்ணால் பார்க்காதவர்கூட அடுத்த பாக்கெட்டில் யார் வருவார் என்று வாங்கிச் சேர்த்தார். பல அட்டைகளில் இருப்பது அச்சுப்படம்கூட இல்லை, முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில் எடுத்த நிஜப் புகைப்படம்.

இறுக்கமான மேடை உடையில் கால் தெரிய நிற்கும் படங்களும் உண்டு. டியூக்கின் அப்பா வாஷிங்டன் டியூக்குக்கே அது பொறுக்கவில்லை. இப்படிப்பட்ட விளம்பரம் இளைஞர்களைக் கெடுக்கிறது, நிறுத்து என்று 1894இல் மகனுக்குக் கடிதம் எழுதினார்.

அப்பாவின் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் என் மனதை உறுத்துவது வேறு. நிறைய அட்டைகளில் சிகரெட்டின் பெயர் பளிச்சென்று இருக்கும், அந்தப் பெண்ணின் பெயர் இருக்காது. மேடையில் உழைத்துச் சம்பாதித்த முகம் அது. யாருடைய முகம் என்று எழுத அந்த அட்டையில் ஒரு வரிக்கு இடமில்லையா?

அப்புறம் இந்த மாதிரி அட்டைகளைத் தேடிச் சேர்த்த ஜெபர்சன் பர்டிக் என்றொரு மனிதர். சிரக்யூஸ் நகரத் தொழிற்சாலை ஊழியர், கீல்வாதத்தால் கை மடங்காது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத்தாள்களையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், கொடுத்ததோடு விடாமல் அங்கேயே உட்கார்ந்து அந்தக் கையாலேயே ஆல்பங்களில் ஒட்டி வரிசைப்படுத்தினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் இறந்துபோனார். பெயரில்லாத அந்தப் பெண்களும் லில்லியன் ரஸ்ஸலோடு அங்கேதான் இருக்கிறார்கள்.