அந்தத் தண்ணீர் என்ன ஆயிற்று?

(மதுரையில் கல்லூரி ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக நான் இருந்தபோது, திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம் போட்டோம். ஊரணிக் கரையைத் துப்புரவு செய்தோம், மரக்கன்றுகள் நட்டோம். வேதியியல் மாணவர்கள் நான்கு ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள். திரும்பி வந்து படங்களோடு அறிக்கை கொடுத்தேன். பாராட்டும் கிடைத்தது.

மறு ஆண்டு வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனேன். திண்ணையில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டார். “ஐயா, போன வருஷம் எங்கள் ஊர்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனீர்களே, அதைக் குடிக்கலாமா, கூடாதா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பேத்தியின் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் ஓடியிருந்தன.

அன்று மாலையே ஆய்வகப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் குடிக்க ஏற்றதல்ல என்பது இந்தியத் தர நிர்ணயம். இரண்டு கிணறுகளில் அந்த அளவு தாண்டியிருந்தது. ஃபுளோரைடு மிகுந்தால் பற்களில் அப்படிப் பழுப்புக் கோடுகள் விழும். பதிவேட்டில் முடிவு இருந்தது, மாணவர் மதிப்பெண் வாங்கிவிட்டார், ஊருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பாட்டி வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்துவந்தார்கள். கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். அந்த ஓராண்டை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

நம் கல்லூரிகளின் சமூகப் பணியை எப்படி மதிப்பிடுகிறோம் என்று பாருங்கள். தேசிய மதிப்பீட்டுக் குழுவான ‘நாக்’ வரும்போது, ஐந்தாண்டுகளில் ஊர்களுக்குப் போய் நடத்திய விரிவாக்க நிகழ்ச்சிகள் எத்தனை, எத்தனை மாணவர்கள் பங்கேற்றார்கள் என்று அட்டவணை போட்டு, படங்களை இணைத்துக் கொடுத்திருக்கிறோம். 2014-இல் மத்திய அரசு தொடங்கிய உன்னத பாரத இயக்கத்தில் சேர்ந்த கல்லூரிகள் ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்து வீடு வீடாகக் கணக்கெடுக்கின்றன. கணக்கு வேண்டும்தான். ஆனால் என் முகாம் இந்த அட்டவணைகள் எல்லாவற்றிலும் தேறியிருக்கும். அதுதான் என் கவலை.

அமெரிக்காவில் கார்னகி அறக்கட்டளையின் பெயரால் 2006 முதல் பல்கலைக்கழகங்களுக்குச் சமூக ஈடுபாட்டுத் தகுதி வழங்கப்படுகிறது. கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடந்ததா என்பதே அங்கே மையக் கேள்வி. அதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. இங்கிருந்து திண்டுக்கல் சாலையில் போனால் காந்திகிராமம் இருக்கிறது. காந்தியவாதிகளான டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் ஊன்றிய விதை. 1956-இல் கிராமியக் கல்வி நிலையமாகி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கற்பித்தல், ஆய்வு, விரிவாக்கம் மூன்றையும் ஒரே வேலையாக அங்கே நினைத்தார்கள்.

எனவே நான் கேட்பது ஒன்றே: கல்லூரி ஒரு ஊரிலிருந்து எதை எடுத்துச் சென்றாலும், அது தண்ணீரோ தகவலோ, முடிவை அந்த ஊர்க் கிராம சபையில் வாசிக்க வேண்டும். நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மார்ச் 22-இல், உலகத் தண்ணீர் நாளன்றும், கூடுகிறது. அங்கே ஊரார் கேட்கும் கேள்விகளை எழுதி அறிக்கையோடு சேருங்கள். அந்தக் கேள்விகள் இல்லாத அறிக்கைக்கு மதிப்பெண் போடாதீர்கள். ஆசிரியருக்கும் இதற்கென நேரம் ஒதுக்க வேண்டும். ஆறு மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையில் செய்கிற வேலையாக இது இருக்கக் கூடாது.

அந்த ஊரில் கிராம சபை கூடிய அக்டோபர் 2 அன்று பதிவேட்டின் நகலோடு போனேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, கிணறு கிணறாகப் படித்தேன். எந்த இரண்டு கிணறு என்று திரும்பக் கேட்டார்கள், திரும்பச் சொன்னேன். கண்மாயில் தண்ணீர் நின்ற காலத்தில் கிணற்று நீர் இப்படி இருந்ததில்லை என்று வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டிப் பெரியவர் ஒருவர் எழுந்து சொன்னார். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கெங்கே தூர்ந்துபோனது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த முகாமில் மாணவர்கள் நாடாவும் நோட்டுப் புத்தகமுமாக அவர் பின்னால்தான் நடந்தார்கள்.